வீட்டுக் கணினியின் குடிபெயர்ச்சி

வீடு மாறுவது என்பது வெளிமாநிலங்களில் வாழும் தமிழர்களாகிய நமக்குப் பழகிப்போன செயல். மாற்றல் உத்தரவு வந்ததும் பெட்டி படுக்கைகளைக் கட்டுகிறோம். பாத்திரங்களைச் சாக்கில் இட்டுத் தைக்கிறோம். அம்மியையும் ஆட்டுக்கல்லையும் உடன் எடுத்துச் செல்வதா, அண்டை வீட்டாருக்குக் கொடுத்துவிடுவதா என்று இரண்டு நாள் வாதிடுகிறோம். புதிய ஊருக்குப் போய்ச் சாமான்களை இறக்கிய பின்னர்தான் ஏதோ ஒன்று வந்து சேரவில்லை என்பது தெரிகிறது. அது பெரும்பாலும் விலையுயர்ந்த பொருளாக இராது. ஒரு கடிதக் கட்டாகவோ, பாட்டியார் கையெழுத்திட்ட கணக்குப் புத்தகமாகவோ இருக்கும். பணம் கொடுத்தால் திரும்பக் கிடைக்காத பொருள்கள்தாம் இவ்வாறு வழியில் தவறுகின்றன.

கணினி நம் இல்லங்களுக்குள் வந்த பிறகு, வீட்டை விட்டு ஓர் அடி நகராமலே நிகழும் குடிபெயர்ச்சி ஒன்று தோன்றியது. கணினியின் இயங்குதளத்தை மாற்றுவது, அல்லது அழித்துவிட்டுப் புதிதாக நிறுவுவது என்பதே அது. இந்தக் குடிபெயர்ச்சியின் வரலாற்றையும், அதில் வீட்டு மனிதர்கள் பெற்றதையும் இழந்ததையும் இவ்வுரையில் காண்போம்.

முதலில், இயங்குதளம் என்பது யாது? கணினியின் உறுப்புகளான விசைப்பலகை, திரை, நினைவகம், தட்டு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தி, நாம் கேட்கும் பணிகளை அவற்றைக் கொண்டு செய்விக்கும் மென்பொருளே இயங்குதளம். கல்யாண வீட்டில் சமையற்காரர், பந்தல்காரர், மேளக்காரர் அனைவரும் வந்திருந்தும், இன்னாருக்கு இன்ன வேலை என்று சொல்ல ஒரு பெரியவர் இல்லாவிட்டால் முகூர்த்தம் தவறிவிடும். அப்பெரியவரைப் போன்றது இது.

வீட்டுக் கணினிகளின் தொடக்க காலத்தில் இப்பெரியவரை மாற்றும் பேச்சே எழவில்லை. 1984-ஆம் ஆண்டில் இந்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் ஒன்றைத் தொடங்கியபோது, பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டானியக் கணினிகள் நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வந்தன. அவற்றின் ஆணைத் தொகுப்பு, அழிக்க இயலாத சில்லு ஒன்றிலேயே பதிக்கப்பட்டிருந்தது. விசையைத் தட்டினால் கணினி உடனே விழித்துக்கொள்ளும். எதையும் நிறுவ வேண்டியதில்லை. எனவே எதையும் இழக்க வேண்டியதுமில்லை.

இந்நிலையை மாற்றியது, 1981 ஆகஸ்டு 12-ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் அமெரிக்காவில் வெளியிட்ட சொந்தக் கணினி. அதன் இயங்குதளம் ஃபிளாப்பி என்னும் நெகிழ்வட்டில் வந்தது. சியாட்டில் நகரில் டிம் பேட்டர்சன் என்பவர் எழுதியிருந்த மென்பொருளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விலைக்கு வாங்கி, 'டாஸ்' என்ற பெயரால் அக்கணினிக்கு வழங்கியது. கணினி வேறு, அதனை இயக்கும் தளம் வேறு என்ற பாகுபாடு இவ்வாறு வீட்டு வாயில் வரை வந்தது. 1983-இல் ஐ.பி.எம். வெளியிட்ட எக்ஸ்.டி. என்ற கணினியில் பத்து மெகாபைட் கொள்ளளவுள்ள வன்தட்டு அமைந்திருந்தது. அதற்கு முன்னர் இயங்குதளம் ஒரு வட்டிலும் நம் எழுத்துகள் வேறொரு வட்டிலும் இருந்தன. வன்தட்டு வந்த பின் இரண்டும் ஒரே கூரையின் கீழ்க் குடியேறின. வசதி பெருகியது உண்மை. ஆயின் வீட்டைச் செப்பனிட முற்படுகிறவர் வீட்டிலுள்ள பொருளையும் இடித்துவிடக்கூடும் என்ற அபாயமும் அன்றே பிறந்தது.

பின்னர் விண்டோஸ் வந்தது. 1990-இல் வெளியான அதன் மூன்றாம் பதிப்பு பரவலாக வரவேற்கப்பட்டது. 1995 ஆகஸ்டு 24-இல் விண்டோஸ் 95 வெளியாயிற்று. குறுந்தகடு படிக்கும் கருவி இல்லாதவர்களுக்காக அது பதின்மூன்று நெகிழ்வட்டுகளிலும் கிடைத்தது. ஒன்றை நுழைத்து, அது கரகரவென்று சுழன்று முடிந்ததும் அடுத்ததை நுழைக்க வேண்டும். பன்னிரண்டு வட்டுகள் நன்றாக இருந்து பதின்மூன்றாவது கெட்டிருந்தாலும் பட்ட பாடு வீண்.

இயங்குதளத்தை ஏன் அடிக்கடி அழித்து நிறுவ வேண்டியிருந்தது என்று இன்றைய இளைஞர்கள் வினவலாம். அதற்குக் காரணங்கள் உண்டு. அக்காலத்து வீட்டு விண்டோஸ், பழைய டாஸ் என்ற அடித்தளத்தின்மேல் எழுப்பிய மாடி போன்றது. பல மென்பொருள்கள் சில பொதுக் கோப்புகளைப் பகிர்ந்துகொண்டன. புதிய மென்பொருள் ஒன்றை நிறுவும்போது, அது தன்னுடன் கொண்டுவந்த பொதுக் கோப்பைப் பழையதன்மேல் எழுதிவிடும். உடனே வேறொரு மென்பொருள் நின்றுபோகும். கணினியின் அமைப்புக் குறிப்புகளைத் தாங்கிய பதிவேடு நாளடைவில் பருத்துக்கொண்டே போகும். இவற்றோடு நச்சுநிரல்களும் சேர்ந்துகொள்ளும். ஓராண்டு, இரண்டாண்டில் கணினி தளர்ந்துவிடும். 'ஃபார்மட் செய்துவிடலாம்' என்பதே அந்நாளில் கணினிக் கடைக்காரர் எழுதிக் கொடுத்த ஒரே மருந்து.

நிற்க. எங்கள் இல்லத்துக் கதையை இங்கே சொல்லவேண்டும்.

எங்கள் குடும்பம் நாக்பூரில் குடியேறியது. 1998 டிசம்பரில், சீதாபுல்டி கடைத்தெருவில் உதிரி உறுப்புகளைக் கோத்துச் செய்த கணினி ஒன்றை வாங்கினோம். விண்டோஸ் 98, முப்பத்திரண்டு மெகாபைட் நினைவகம், நான்கு கிகாபைட் வன்தட்டு. அடுத்த ஆண்டின் குளிர்காலத்தில், எங்கள் தந்தையாரின் தமக்கையார் கும்பகோணத்திலிருந்து வந்து மூன்று மாதம் எங்களோடு தங்கினார். அத்தைக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. இரவு உணவுக்குப் பின் சால்வையைப் போர்த்திக்கொண்டு, குடும்பத்துப் பழங்கதைகளைச் சொல்வார். காவிரியில் வெள்ளம் வந்த ஆண்டு, தம் திருமணத்தில் நான்கு நாளும் நடந்த சடங்குகள், கொல்லைப்புறத்து மாமரம் யாருடைய பங்கில் விழுந்தது என்ற வழக்கு எல்லாம் வரும். தம் கணவரைப் பற்றி எத்தனையோ சொன்னார். அவர் பெயரை மட்டும் ஒருமுறையும் சொல்லவில்லை. 'அவா' என்பார், நாங்கள் புரிந்துகொள்வோம்.

அவர் சொல்லச் சொல்ல, நாங்கள் முறை வைத்துக் கணினியில் தமிழில் தட்டச்சு செய்தோம். நண்பர் ஒருவர் நெகிழ்வட்டில் கொடுத்த தமிழ் எழுத்துருவே துணை. பன்னிரண்டு அத்தியாயங்கள், பன்னிரண்டு கோப்புகள். திருமண அத்தியாயத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு அத்தையிடம் கொடுத்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தவர், 'நான் பேசினாப்போலவே இருக்கே' என்றார். ஊருக்குத் திரும்புகையில் அத்தாளை எங்கள் தாயாரிடமே விட்டுச் சென்றார். 2001 ஆகஸ்டில் அவர் காலமானார்.

2002-ஆம் ஆண்டில் எங்கள் கணினியில் நச்சுநிரல் புகுந்தது. முந்தைய அக்டோபர் 25-இல் வெளியாகியிருந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யை இந்த வாய்ப்பில் நிறுவிவிடலாம் என்று முடிவு செய்தோம். பழைய டாஸ் அடித்தளத்தை விட்டு, அலுவலகக் கணினிகளுக்கென உருவான உறுதியான அடித்தளத்தின்மேல் எழுந்த முதல் வீட்டு விண்டோஸ் அது. அது நல்ல முடிவே. நினைவகத்தைப் பெருக்கினோம், குறுந்தகட்டை வாங்கினோம், இருபத்தைந்து எழுத்துகள் கொண்ட அதன் அனுமதிச் சாவியைத் தாளில் எழுதி வைத்தோம். அத்தையின் கோப்புகளையும் மறக்கவில்லை. ஒரே வட்டில் வைத்தால் அது கெட்டுவிடுமே என்று அஞ்சி, பன்னிரண்டு அத்தியாயங்களையும் மூன்று நெகிழ்வட்டுகளில் நான்கு நான்காகப் பகிர்ந்து வைத்தோம்.

நாங்கள் செய்த பிழை அங்கேதான் இருந்தது. மூன்று படிகள் எடுப்பதற்கு மாறாக, ஒன்றையே மூன்று பங்காகப் பிரித்துவிட்டோம். பாதுகாப்பு மும்மடங்கு ஆகவில்லை. கெடுவதற்குரிய இடங்களே மூன்றாயின. ஆனால் அன்று அது எங்களுக்குத் தோன்றவில்லை.

வன்தட்டை அழித்துப் புதிய தளத்தை நிறுவி முடிக்க மாலை ஆயிற்று. திரைக்கு ஒரு குறுந்தகடு, ஒலிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று இயக்கிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். மோடத்தின் குறுந்தகட்டைக் காணோம். அதற்குரிய இயக்கியை இணையத்திலிருந்து எடுக்கலாமென்றால், மோடம் பேசினால்தானே இணையம்! அண்டை வீட்டாரின் கணினியில் எடுத்து வந்து, இரவு பத்து மணிக்கு அதனையும் முடித்தோம். பிறகு முதல் நெகிழ்வட்டை நுழைத்து, அத்தையின் முதல் அத்தியாயத்தைத் திறந்தோம்.

திரையில் தமிழ் இல்லை. தலையில் கோடும் புள்ளியும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகள் பக்கம் பக்கமாக நிறைந்திருந்தன. இரண்டாம் வட்டும் அவ்வாறே. மூன்றாம் வட்டு திறக்கவே இல்லை. சுழன்று சுழன்று நின்றது. எங்கள் தாயார் திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, 'இது யார் பாஷை?' என்று கேட்டார்.

இதற்கான காரணம், கணினியில் தமிழ் நடந்து வந்த பாதையில் இருக்கிறது. கணினிக்கு எழுத்து என்பது ஓர் எண்ணே. எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற உடன்பாடு இருந்தால்தான், ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க இயலும். இந்திய மொழிகளுக்குப் பொதுவான 'இஸ்கி' என்ற குறியீட்டை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1991-இல் ஏற்றது. அதே ஆண்டில் வெளியான யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறியீட்டின் முதல் பதிப்பிலும் தமிழுக்கு இடம் கிடைத்தது. ஆயினும் வீட்டுக் கணினிகள் அவ்வுடன்பாடுகளைப் பின்பற்றும் நிலையில் அன்று இல்லை. எனவே எழுத்துரு செய்த ஒவ்வொருவரும், ஆங்கில எழுத்துகளுக்கும் ஐரோப்பிய எழுத்துகளுக்கும் உரிய எண்களின்மேல் தமிழ் வடிவங்களைத் தத்தம் விருப்பப்படி ஏற்றினர். ஒருவர் 'க'வை வைத்த இடத்தில் மற்றொருவர் 'ம'வை வைத்தார். இக்குழப்பத்தை நீக்க, உலகெங்கும் பரவிய தமிழர்கள் கூடி 'திஸ்கி' என்ற குறியீட்டை வகுத்தனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, 'டாம்', 'டாப்' என்ற இரு குறியீடுகளையும் 'தமிழ் 99' என்ற விசைப்பலகையையும் தமிழ்நாட்டு அரசு ஏற்றது. ஒழுங்கு வந்தது, ஆனால் ஒன்றாக வரவில்லை.

ஆகவே எங்கள் கோப்புகளில் இருந்தது தமிழே அன்று; எண்களின் வரிசை மட்டுமே. அவ்வெண்களைத் தமிழாகக் காட்டியது, நண்பர் தந்த எழுத்துரு. நாங்கள் கோப்புகளைக் காப்பாற்றினோம். எழுத்துருவை வன்தட்டோடு அழித்துவிட்டோம். பெட்டியைப் பத்திரமாக எடுத்து வந்து, சாவியைப் பழைய வீட்டில் விட்டுவந்தவர் நிலையை ஒத்தது எங்கள் நிலை.

வியப்பு என்னவெனில், யூனிகோடு முறையில் தமிழைக் காட்டும் ஆற்றல் 2000-ஆம் ஆண்டில் வெளியான விண்டோஸ் 2000-இலேயே வந்துவிட்டது. 'லதா' என்ற எழுத்துரு அதனுடன் வந்தது. எக்ஸ்.பி.யிலும் அது உண்டு. ஆயின் அது தானாக விழிக்காது. மொழி அமைப்புகளுக்குரிய பகுதியைத் திறந்து, சிக்கலான எழுத்து முறைகளுக்கான கோப்புகளை நிறுவுக என்ற கட்டத்தில் குறியிட்டு, நிறுவிய குறுந்தகட்டை மீண்டும் நுழைக்க வேண்டும். தமிழ் நம் கணினிக்குள்ளேயே வந்து, வாயிற்படியில் காத்து நின்றது. அழைக்க வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. இந்தக் கட்டம், 2007-இல் மக்களுக்கு விற்பனைக்கு வந்த விஸ்டாவில்தான் தேவையற்றுப் போயிற்று. அதன் பின் தமிழ் எல்லா விண்டோஸ் கணினிகளிலும் கேளாமலே கிடைத்தது.

இனி, அத்தையின் கதைக்கு வருவோம். ஆவணக் கோப்பு, தான் எழுதப்பட்ட எழுத்துருவின் பெயரைத் தன்னுள் குறித்து வைத்திருக்கும் என்பதை அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். கோப்பைத் திறந்து எழுத்துருப் பட்டியைப் பார்த்தோம், பெயர் இருந்தது. சென்னையிலுள்ள உறவினருக்கு எழுதினோம். அவர் அச்சகம் அச்சகமாக விசாரித்து, 2003-இல் அவ்வெழுத்துருவைக் குறுந்தகடு ஒன்றில் அஞ்சல் வழியே அனுப்பினார். அதனை நிறுவிய கணத்தில், ஐரோப்பிய எழுத்துகள் மறைந்து அத்தை மீண்டும் பேசத் தொடங்கினார். எட்டு அத்தியாயங்கள் கிடைத்தன.

மூன்றாம் வட்டு கிடைக்கவில்லை. இரண்டு கடைகளில் முயன்றனர், பயனில்லை. அதிலிருந்த நான்கில் ஒன்று, அத்தை விட்டுச் சென்ற திருமண அத்தியாயம். அது எங்கள் தாயாரின் பெட்டியில், பட்டுப் புடவைக்கு அடியில் தாளாக இருந்தது. மற்ற மூன்றில், ஒன்று தாலாட்டுப் பாடல்கள். ஒன்று அவர் தாயாரின் சமையல் முறைகள். ஒன்று குடும்பத்துப் பெண்களின் வம்சாவளி. தலைப்புகள் எங்களுக்கு நினைவிருக்கின்றன. உள்ளே இருந்ததைச் சொல்லத்தக்கவர் இன்று எவரும் இல்லை.

2010-இல் விண்டோஸ் 7 உள்ள புதிய கணினி வாங்கினோம். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடைபெற்றது. யூனிகோடு முறையைத் தமிழ்நாட்டு அரசு ஏற்றதும் அவ்வேளையில்தான். நாங்களும் எட்டு அத்தியாயங்களை மாற்றி மென்பொருள் கொண்டு யூனிகோடுக்கு மாற்றினோம். வடமொழி எழுத்துகளும் எண்களும் இடம் மாறி விழுந்திருந்தன. மாலைதோறும் ஒருவர் படிக்க மற்றொருவர் திருத்தினோம். திருமண அத்தியாயத்தைத் தாளைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்து சேர்த்தோம்.

அதன் பின் வந்த மாற்றங்கள் எங்களை அச்சுறுத்தவில்லை. 2015 ஜூலை 29-இல் விண்டோஸ் 10 வெளியாகி, முந்தைய இரு பதிப்புகளை வைத்திருந்தோருக்கு ஓராண்டுக் காலம் இலவசமாக வழங்கப்பட்டது. குறுந்தகடும் இன்றி, நெகிழ்வட்டும் இன்றி, இணையம் வழியாகவே அது வந்து அமர்ந்தது. கோப்புகள் இருந்த இடத்திலேயே இருந்தன. 2017-இல் வேறு கணினிக்கு மாறினோம். 2021-இல் வெளியான விண்டோஸ் 11, புதிய செயலிகளையும் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லின் இரண்டாம் பதிப்பையும் கேட்டதால், நன்றாக உழைத்துக்கொண்டிருந்த எங்கள் கணினி அதற்குத் தகுதி பெறவில்லை. 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான ஆதரவு முடிவுற்றது. பல இல்லங்கள் எதிர்கொண்ட கேள்வி எங்களையும் எதிர்கொண்டது: நல்ல கருவியைக் கழிப்பதா, தளத்தை மாற்றுவதா?

நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். 1991-இல் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், உலகோர் பலருடைய கூட்டுழைப்பால் வளர்ந்து, இலவசமாகக் கிடைக்கிறது. அதன் உபுண்டு என்ற வடிவத்தை நிறுவினோம். இம்முறை அழிக்கும் முன், கோப்புகளை இரண்டு தனித் தட்டுகளில் முழுப் படிகளாக எடுத்தோம். அவற்றை மகளின் கணினியில் திறந்து, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் வாய்விட்டுப் படித்த பிறகே பழைய தளத்தை அழித்தோம். புதிய தளம் எழுந்ததும் அத்தையின் கோப்பைத் திறந்தோம். தமிழ் தமிழாகவே இருந்தது.

நேயர்களே! ஓலைச்சுவடிகளைக் காத்த நம் முன்னோர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஓலை நெடுநாள் நிலைக்காது. ஆதலின் அது சிதையும் முன் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதப்பட்டவை நம் கைக்கு வந்தன. எழுதப்படாதவற்றுள் நூலின் பெயர் மட்டுமே எஞ்சியவை பல. கணினியும் அத்தகையதே. பெயர்த்தெழுதுவோர் பிழை செய்தால் பாடம் கெடும். பெயர்த்தெழுதாவிட்டால் நூலே கெடும்.

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்துவிட்ட நமக்கு இது பிறரைக் காட்டிலும் முக்கியமானது. ஊரிலிருப்போர் ஒரு செய்தியை மறந்தால், பக்கத்துத் தெருவில் கேட்டுத் தெரிந்துகொள்வர். நமக்கு அப்பக்கத்துத் தெரு இல்லை. நம் வீட்டுப் பெரியோர் சொன்னவை, நாம் எழுதி வைத்த அளவிலேயே நம்மிடம் இருக்கின்றன. ஆதலின் 1990-களிலும் 2000-களின் தொடக்கத்திலும் தமிழில் தட்டச்சு செய்த கோப்புகள் எவரிடமேனும் இருக்குமாயின், அவற்றை இந்த வாரமே திறந்து பாருங்கள். எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொண்டு யூனிகோடுக்கு மாற்றுங்கள். படிகளை எடுங்கள், பங்கு பிரிக்காதீர்கள். எடுத்த படி திறக்கிறதா என்று வேறொரு கணினியில் பார்த்த பின்னரே பழையதை அழியுங்கள். இவை அனைத்திற்கும் மேலாக, ஒரு படியைத் தாளில் அச்சிட்டு வீட்டுப் பெட்டியில் வையுங்கள்.

எங்கள் இல்லத்தில் அத்தையின் ஒன்பது அத்தியாயங்களும் இப்போது அச்சாகிக் கட்டப்பட்டிருக்கின்றன. இறுதியில் மூன்று தலைப்புகளின் கீழ் வெற்றுத் தாள்களைச் சேர்த்திருக்கிறோம். கும்பகோணத்திலிருந்து உறவினர் எவர் வந்தாலும், தாலாட்டில் ஓர் அடியாவது நினைவிருக்கிறதா என்று கேட்டு அதில் எழுதிக்கொள்கிறோம். இதுவரை பதினொரு அடிகள் சேர்ந்திருக்கின்றன.